பின்பாரம்

ஆவணி முடிவதற்குள் ஊரைக் காலி செய்துவிட வேண்டும், புரட்டாசி முதல் தேதி அணையின் மதகுகளை இறக்கிவிடுவோம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில், எங்கள் ஊஞ்சக்காட்டின் இருபது வீடுகளில் பத்தொன்பது வீடுகள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, மேற்கு ஓரத்து நாச்சிமுத்துவின் ஓட்டு வீடு மட்டும் தரையைவிட்டு எழும்பி நான்கு சக்கரங்களின் மேல் நின்றது.

முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னாயா. உறைமோர் வாங்கப் போனவள் வழக்கம்போல வாசற்படி இருக்கும் இடத்தில் காலைத் தூக்கி வைத்தாள். படி அங்கே இல்லை, அவள் மார்பு உயரத்தில் இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிவந்து பார்த்தாள். வீட்டின் நடுவயிற்றுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள், மண் படாத புது டயர்கள். வாசற்படிக்குக் கீழிருந்து இரண்டு இரும்புக் கைகள் நீண்டு ஒன்றாகச் சேர்ந்து, சேர்ந்த இடத்தில் ஒரு வளையம், கரும்பு ஏற்றும் டிரெய்லருக்கு இருக்குமே, அதுபோல. சுவரில் ஒரு கீறல் இல்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை. பொன்னாயா தன் வீட்டுக்குப் போய் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, நாச்சிமுத்துவின் பெண்டாட்டி துளசிமணியைக் கூப்பிட்டு உறைமோர் வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் தன் பட்டியலைப் பிரித்து, இடிக்க வேண்டிய கட்டடங்களில் இதைச் சேர்ப்பதா விடுவதா என்று வேப்பமரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்து, கடைசியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். வாகன ஆய்வாளர் ஒருவர் ஜீப்பில் வந்து டயர்களை உதைத்துப் பார்த்துவிட்டு, சாலையில் ஏற்றுவதானால் பின்சுவரில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லை ஒட்ட வேண்டும் என்றும், அகலம் பாலத்துக்குக் கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். தபால்காரர் மட்டும் வழக்கம்போலக் கடிதத்தை வாசற்படியில் எட்டி வைத்தார்.

வீடு எப்படி எழும்பியது என்று எங்களில் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. அறுபதடித் தண்ணீருக்குள் ஒரு ஊரே போகப்போகிறது என்பதைக் கேட்டு நம்பியவர்களுக்கு, ஒரு வீடு சக்கரம் வைத்துக்கொண்டது நம்ப முடியாததாக இல்லை. எங்களைக் குடைந்தது வேறு. ஏன் எங்கள் வீடு இல்லை? பத்தொன்பது குடும்பமும் தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குனிந்து தங்கள் சுவரின் அடியைப் பார்த்தோம். சிலர் அடிமண்ணைக் கடப்பாரையால் தோண்டி இடம் விட்டுப் பார்த்தார்கள். மாரப்பன் எங்கிருந்தோ இரண்டு பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்து தன் வீட்டின் இரு பக்கமும் சாய்த்து வைத்து, தினமும் அவற்றின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஆடி மழையில் அந்த டயர்களில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது. யாரும் சிரிக்கவில்லை, எடுத்துப் போடச் சொல்லவும் இல்லை.

அதிலும் அந்த வீட்டுக்கு ஏன் என்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாச்சிமுத்துவும் துளசிமணியும் நான்கு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குத் தாரணி என்று ஒரே பெண். ஆறு வயதில், ஒரு பங்குனி மத்தியானம், பின்கதவு வழியாகப் போய்க் கொல்லையில் இருந்த கிணற்றில் விழுந்துவிட்டாள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. சுவர் கட்டவென்று தை மாதமே நாச்சிமுத்து கல் இறக்கிக் கிணற்றோரம் குவித்து வைத்திருந்தான். பருத்தி எடுத்து முடியட்டும், கொத்தனார் வரட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. நாங்கள் குழந்தையை வெளியே தூக்கிக் கிடத்தியபோது, ஊரே நின்றிருந்த இடத்தில், அவன் பெண்டாட்டியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பின்கதவத் தொறந்து போட்டது ஆரு?"

துளசிமணி பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவனிடம் அவள் எதுவுமே சொல்லவில்லை. தாய் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தபோது வீட்டின் பின்னறை, குழந்தை படுத்து விளையாடிய அறை, பூட்டிக் கிடந்தது. சாவி அவன் அரைஞாணில் தொங்கியது. பிள்ளையின் துணியும் பொம்மையும் தன் கண்ணில் படக்கூடாது என்றே பூட்டிவிட்டான், கதவைத் திறந்துபோட்டவளுக்கு அந்தத் தண்டனை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கிணற்றோரம் குவிந்திருந்த கல்லும் காணாமல் போயிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டான்போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவள் சோறு இருக்குது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு என்று மாட்டைப் பார்த்துச் சொல்வான். குடும்பம் அப்படியே நடந்தது.

பொறாமை எத்தனை நாளைக்கு இருக்கும்? அணைக்காரர்கள் அளவு கல் நட்டுக்கொண்டே மேடேறிப் போனார்கள், எங்களுக்குள் வேறொரு எண்ணம் வந்தது. போகிற வீடு ஒன்றாவது இருக்கிறதே, அதில் நம்முடையதும் கொஞ்சம் போகட்டும். பொன்னாயாதான் தொடங்கினாள். அவள் மாமியார் காலத்து உரலை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நாச்சிமுத்துவின் முன்கூடத்தில் வைத்தாள். வைக்கட்டுமா என்று கேட்கவில்லை, வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தோம். லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று பயந்தவற்றை, லாரிக்காரன் ஏற்ற மாட்டேன் என்று சொன்னவற்றைக் கொண்டுவந்தோம். கதவு நிலை கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். தொட்டிலுக்கு அடித்த வளையத்தை உத்திரத்துண்டோடு அறுத்துக் கொண்டுவந்தவள் இருந்தாள். கோயிலின் பெரிய மணியை நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஒருத்தர் ஒரு மூட்டை மண் கொண்டுவந்தார், என்ன மண் என்று சொல்லவில்லை. துளசிமணி ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கி, யாருடையது என்று சுண்ணாம்பில் எழுதிவைத்தாள்.

ஆனால் வீடு இழுபடத் தயாராக இல்லை. முதல் நாளே கவனித்திருந்தோம், அது பின்னால் சாய்ந்தபடி நின்றது. பின்சுவர் ஏறக்குறைய மண்ணைத் தொட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, டிராக்டரில் மாட்ட வேண்டிய வளையம் ஓர் ஆள் உயரத்தில் ஆகாயத்தைப் பார்த்தது. உரல் வைத்தும் மணி வைத்தும் அது ஒரு விரல்கடை இறங்கவில்லை. நாச்சிமுத்து மாரப்பனின் டிராக்டரை வாங்கிவந்து நிறுத்திவிட்டு, வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உழவு ஓட்டத் தெரிந்தவன்தான், ஆனால் வாழ்நாளில் ஒரு டிரெய்லரை மாட்டியதில்லை.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் சம்சுதீனைக் கூட்டிவந்தோம். ஆலைக்குக் கரும்பு டிரெய்லர் ஓட்டுகிறவன், முப்பது வயதுகூட இருக்காது. போன மாதம்தான் வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் கை மாட்டி எலும்பு உடைந்து, வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. தன்னால் ஓட்ட முடியாது, சொல்லித்தர முடியும் என்றான். கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு உட்கார வைத்தோம். அவன் உட்காராமல் முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு சொன்னான். டிரெய்லரில் பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் சங்கதி. சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகவும் பின்னால் கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும். முன்பாரம் ரொம்ப அதிகமானால் டிராக்டரின் முதுகை அமுக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பின்பாரம் அதிகமானாலோ, சாலையில் கொஞ்ச தூரம் போனதும் வால் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் முற்றி முற்றி, இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் குப்புறப் போட்டுவிடும். பார்த்திருக்கிறான், இரண்டு தடவை.

பிறகு துளசிமணியைப் பார்த்துக் கேட்டான். "அக்கா, பின்னாடி அறையில என்னுங்க வெச்சிருக்கீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிள்ளையின் துணிமணி இருக்கும், ஒரு தகரப்பெட்டி இருக்கும் என்றாள்.

துணிக்கு இத்தனை பாரம் வராது என்றான் சம்சுதீன்.

நாச்சிமுத்து டிராக்டரின் பக்கத்தில் நின்றிருந்தான். நாங்கள் எல்லோரும் அவன் இடுப்பைப் பார்த்தோம். வெயில் ஓட்டிலிருந்து சுவருக்கு இறங்கியது. பிறகு அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு ஆட்டுக்கல்லில் காலை வைத்து ஏறினான். துளசிமணியும் அவன் பின்னால் ஏறினாள். சாய்ந்த தரையில் சுவரைப் பிடித்துப் பிடித்து இருவரும் இறங்கிப் போனார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது, திறக்க நேரமாயிற்று. கதவு திறந்ததும் உள்ளே தெரிந்தது கல். தரையிலிருந்து உத்திரம் வரைக்கும், கிணற்றுச் சுவருக்கு வாங்கிய கருங்கல், ஒன்றன்மேல் ஒன்றாக, சந்தில் சந்தில் சின்னக் கல் செருகி, சுவர் கட்டுவதுபோலவே அடுக்கியிருந்தது. அவள் தாய் வீட்டில் இருந்த மூன்று மாதமும், நாங்கள் காட்டுவேலைக்குப் போயிருந்த பகல்களில், ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அடுக்கியிருக்கிறான். குழந்தையின் தகரப்பெட்டி ஒரு மூலையில், கல்லுக்கு நடுவே, மூடியபடி இருந்தது.

நாங்கள் அந்த அறைக்குப் பக்கத்திலிருந்த பின்கதவுக்கு வெளியே நின்றோம். துளசிமணி ஒரு கல்லின் மேல் கையை வைத்தாள். இதை எதற்கு இங்கே வைத்தார்கள் என்று கல்லைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

நாச்சிமுத்து அவளைப் பார்க்கவில்லை. நான்கு வருடத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கல்லுக் குமி மேல ஏறி நின்னுதான் எட்டிப் பாத்திருக்குறா. செருப்பு ரெண்டையும் அது மேலயே கழட்டி வெச்சிருந்துச்சு, சோடியா. நான்தான் மொதல்ல பாத்தேன். எடுத்து மடியில மறைச்சுப்போட்டேன். நீ வந்து இந்தக் கல்லப் பாக்கக் கூடாதுன்னு உள்ள கொண்டாந்துட்டேன்."

துளசிமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கு முதலில் பட்ட கல்லை அடுக்கிலிருந்து பிடுங்கி, வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தாள். எங்களைத் தாண்டி நேராக நடந்து கிணற்றோரம் போட்டாள். அடுத்த கல்லுக்குத் திரும்பினாள். நாச்சிமுத்து ஒன்றைத் தூக்கினான். அதன் பிறகு நாங்கள் வரிசையாக நின்று கைமாற்றிவிட ஆரம்பித்தோம், இருபது வீட்டு ஆட்களும்.

எல்லாக் கல்லும் வெளியே வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் துளசிமணி கிணற்றைச் சுற்றிக் கல்லை வட்டமாகப் பரப்பத் தொடங்கியிருந்தாள். என்ன செய்கிறாள் என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எங்களில் கொத்துவேலை தெரிந்த இரண்டு பேர் போய் நூல் பிடித்தார்கள். சிமெண்டு தேடவில்லை, வரப்பு மண்ணைக் குழைத்து வைத்தே கட்டினோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டினோம். ஊரில் மூட்டை கட்டும் வேலை அப்படியே நின்றது. அளவெடுக்க வந்த என்ஜினியர் ஜீப்பை நிறுத்தி, இது புரட்டாசியில் தண்ணிக்குள் போகிற இடம், இங்கே எதற்குக் கிணற்றுக்குச் சுவர் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். தெரியுமுங்க என்றாள் பொன்னாயா, மண் சட்டியை இறக்காமலே. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம், போதுமா என்று கொத்துக்காரர்கள் கேட்டபோது, துளசிமணி சுவரோரம் நின்று தன் விலாவுக்கு நேரே கையை நீட்டிப் பிடித்தாள். அது தாரணியின் உச்சந்தலை இருந்த உயரம். சுவர் அதற்கும் ஒரு சாண் மேலே இருந்தது. இன்னும் ஒரு வரிசை வையுங்கள் என்றாள். வைத்தோம். அன்று மாலை நாச்சிமுத்து அந்தச் சுவரின் மேல் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

வீடு இப்போது முன்னால் சாய்ந்து, வளையம் மண்ணில் முட்டி நின்றது. இதுவும் ஆகாது என்று சம்சுதீன் உரலையும் மணியையும் கொஞ்சம் நடுப்பக்கம் நகர்த்தச் சொன்னான். மண்மூட்டையைப் பின்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னான். பின்னறையில் இப்போது மண்மூட்டையும் தகரப்பெட்டியும் மட்டும் இருந்தன. வீடு மட்டத்துக்கு வந்ததும், வாசற்படிக்கு அடியில் ஜாக்கி வைத்து வளையத்தை டிராக்டர் கொக்கியின் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினோம்.

மாட்டுகிற அன்று காலையில் சம்சுதீன் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், மாட்டி முடியும் வரை அதை எடுக்காதீர்கள். டிராக்டரை நேர்கோட்டில், மெதுவாக, பின்னால் கொண்டுவாருங்கள். ஓட்டுகிறவருக்குக் கொக்கி தெரியாது. அவருக்கு முதுகில் கண் இல்லை. கீழே நிற்கிறவர்தான் அவருக்குக் கண். கீழே நிற்கிறவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கக் கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் கையைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

நாச்சிமுத்து டிராக்டரில் ஏறினான். துளசிமணி வளையத்துக்குப் பக்கத்தில் நின்றாள். டிராக்டர் பின்னால் வந்தது. இன்னும் வரலாம் என்று சொல்லு தம்பி என்று அவள் சம்சுதீனிடம் சொன்னாள். அண்ணா, இன்னும் வரலாமாம் என்று அவன் நாச்சிமுத்துவிடம் சொன்னான். நிறுத்தச் சொல்லு என்றாள். அவன் நிறுத்துங்க என்று சொல்லி முடிப்பதற்குள் டிராக்டர் ஒரு முழம் தாண்டிப் போய் வளையத்தை இடித்தது. வீடு முழுக்க ஒரு அதிர்வு ஓடி, உள்ளே கோயில் மணி ஒரு தடவை அடித்தது. முன்னால் எடுத்து மறுபடி வந்தான். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை இடித்ததும் சம்சுதீன் எழுந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் நடுவுல நின்னு சொன்னா நேரமாயிருமுங்க. நீங்க அவர்கிட்டயே சொல்லிப்போடுங்க."

நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். துளசிமணி வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிராக்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"வாங்க" என்றாள் அவள்.

அவன் வந்தான்.

"எடக்கைப் பக்கம் ஒரு சாண். இன்னும். நேரா. நேராவே வாங்க. மெதுவா. மெதுவா. நில்லுங்க."

நின்றது. வளையம் கொக்கிக்கு நேர் மேலே நின்றது, நூல் பிடித்து வைத்ததுபோல. ஜாக்கியை இறக்கினோம், வளையம் கொக்கியில் போய் உட்கார்ந்தது. இரண்டையும் கோக்கும் இரும்புப் பின்னை மேலிருந்து போடச் சொன்னான் சம்சுதீன், பின் கழன்று வராமல் அதன் காலில் பூட்டு ஊசியையும் குத்தச் சொன்னான். வீட்டையும் டிராக்டரையும் பிணைக்கும் இரண்டு சங்கிலிகளை வளையத்துக்கு அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே மாற்றிக் கட்டவைத்தான். பின் முறிந்தே போனாலும் வளையம் ரோட்டில் விழாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் தங்கும் என்றான். கட்டையை எடுக்காமலே ஒரு இழு இழுத்துப் பார்க்கவைத்தான், பிடிக்கிறதா என்று. பிடித்தது. கடைசியாகக் கட்டைகளை எடுத்தோம். சங்கிலி ஓர் ஓரத்தில் முறுக்கிக்கொண்டிருப்பதை அவன்தான் பார்த்துச் சொன்னான். அதைச் சரி செய்ததும் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றே புறப்பட்டோம். சம்சுதீன் சொல்லிக்கொடுத்தபடி துளசிமணி டிராக்டரின் சக்கர மூடியின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள், பின்னையும் சங்கிலியையும் பார்த்துக்கொண்டே வர ஓர் ஆள் வேண்டும் என்பதால். நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்து ஓட்டினான். அவள் கண்ணுக்கு முன்னால் அவள் வீடு வாசலைக் காட்டியபடி அவளைத் தொடர்ந்து வந்தது, அதற்குப் பின்னால் ஊஞ்சக்காடு சின்னதாகிக்கொண்டே போனது, கிணறு இருந்த கொல்லை, பிள்ளையைப் புதைத்த வேலியோரம், பிறகு வெறும் பச்சை. பதினொரு கிலோமீட்டர். நாங்கள் சம்சுதீனையும் ஏற்றிக்கொண்டு லாரிகளில் சாமானோடு பின்னால் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் வீடு உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரப் பார்த்தது, அவன் அகலமாக வளைத்தான். இறக்கத்தில் முன்கூட்டியே பிரேக் பிடித்தான். வால் ஆடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று வீடு போகட்டும் என்று வழிவிட்டார்கள். பாலத்தில் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம்தான் இருந்தது. வளைவுகளில் வீடு விலகும்போதெல்லாம் பின்னாலிருந்த எங்களுக்கு அவள் முகம் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அது மாறியிருந்தது, உள்ளே எதையோ ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவள் முகம்போல.

மறுகுடியமர்வு என்று அரசாங்கம் கொடுத்த இடம் ஒரு கரட்டு மேடு. மரம் இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு இருபது கட்டமாகப் பிரித்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் கட்டம் கடைசி ஓரத்தில், வீட்டைப் பின்னால் தள்ளித்தான் உள்ளே விட முடியும். பின்னால் தள்ளுவதை சம்சுதீன் வாயால் சொல்லியிருந்தானே தவிர பழக்கிவிடவில்லை. டிரெய்லர் வலது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும், எல்லாம் தலைகீழ். நாச்சிமுத்து வலது பக்கம் போக வலது பக்கமே ஒடித்தான். வீடு அடுத்த கட்டத்தைப் பார்த்து மடங்கியது. முன்னால் எடுத்தான். துளசிமணி இறங்கிப் பின்சுவரோரம் நின்று கை காட்டினாள். மறுபடியும் மடங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை. நாங்கள் லாரிகளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றோம். சம்சுதீன் ஒரு அடி முன்னால் வைத்தான். பொன்னாயா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

நான்காவது தடவை டயர் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு ஏறியபோது துளசிமணி கத்தினாள், நான் சொல்கிறது காதில் விழவில்லையா என்று. நீ எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவனும் கத்தினான். பார்த்தால்தானே தெரியும் என்றாள். பார்த்துக்கொண்டுதானே வருகிறேன் என்றான். என்னை என்றைக்குப் பார்த்தீர்கள் என்றாள். அந்த வெற்று மேட்டில் மறைக்க ஒரு செடிகூட இல்லை, ஒவ்வொரு சொல்லும் எங்களிடம் வந்தது. அவன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினான். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். இப்போது கத்தவில்லை.

"செருப்பப் பாத்த பொறகுதானே கதவப் பத்திக் கேட்டீங்க?"

அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க. கல்லு மேல செருப்பு இருந்துச்சு. அத எடுத்து மடியில மறைச்சுப்போட்டு, பொறகு வந்து, ஊரே நிக்கறப்ப என்னயக் கேட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா" என்றான் நாச்சிமுத்து. "பாத்துட்டுத்தான் கேட்டேன்."

அவள் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் விலகவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. நாலு வருஷம், நாலு வருஷம் என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவன் தாரணியின் பேரைச் சொன்னான், ஒரு தடவைதான், அதன் பிறகு அவன் வாயிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் அவனைத் திட்டினாள். ஒரு பெண்டாட்டி புருஷனை எதெல்லாம் சொல்லித் திட்டக்கூடாதோ அதெல்லாம் சொல்லித் திட்டினாள். நடுவில் அழுதாள். அழுது முடித்துவிட்டு மறுபடியும் திட்டினாள். ஒரு கட்டத்தில் அவனும் பதில் சொல்ல ஆரம்பித்தான், தனக்குப் பயமாக இருந்தது என்றான், ஊர் தன்னைப் பார்த்துவிடுமோ என்று பயந்துபோய்த்தான் கேட்டேன் என்றான், கேட்ட அடுத்த நொடியே நாக்கை அறுத்துப் போடலாம் என்று இருந்தது என்றான். அறுத்திருக்க வேண்டியதுதானே என்றாள்.

வீடு கோணலாக, பாதி அவர்கள் கட்டத்திலும் பாதி பொன்னாயாவின் கட்டத்திலுமாக நின்றது. இருக்கட்டும், நான் சின்னதாகக் கட்டிக்கொள்கிறேன் என்று பொன்னாயா மெதுவாகச் சொன்னாள். எங்கள் உரலும் நிலையும் மணியும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தன, பொழுது இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும், லாரிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். வேறு நாளாக இருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் போய் விலக்கிவிட எங்களில் பத்துப் பேர் ஓடியிருப்போம். அன்றைக்கு யாரும் போகவில்லை. சம்சுதீன் மட்டும் சத்தமில்லாமல் போய், இடது கையால் இரண்டு கல்லை எடுத்து வீட்டின் சக்கரத்துக்கு அணை கொடுத்துவிட்டு வந்தான். நாங்கள் லாரிகளின் நிழலில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.